கீழ்ப்படி

லிங்கராஜபுரம் மேம்பாலம் இறங்குகிற இடத்தில்
முதல் மாடியில் இருக்கிறது எங்கள் மையம்.
மாற்றுத்திறனாளி இளைஞர்களுக்கு
இலவச வேலைப் பயிற்சி என்கிறது பலகை,
பதினெட்டுப் படிகளுக்கு மேலே நின்றுகொண்டு.
கீழே என்றால் வாடகை இரண்டு மடங்கு.
கேட்பவர்களுக்கெல்லாம் இதைத்தான் சொல்வேன்.
பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

மார்ச் முடிவதற்குள் முப்பது படிவம் சேர வேண்டும்.
ஞாயிறு இரண்டாம் பூசை விட்டதும் கோவில் வாசலில் நின்றேன்.
ரேஷன் வரிசையில், தண்ணீர் கேன் கடையில்
நோட்டீஸ் கொடுத்தேன்.
"எங்க வீட்ல அப்படி யாரும் இல்லம்மா" என்றாள் ஒருத்தி,
கதவைப் பாதி சாத்தியபடி.
உள்ளே டிவியின் சத்தம்
மெல்லக் குறைந்தது.
யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள்.
நோட்டீஸைக் கதவிடுக்கில் செருகிவிட்டு வந்தேன்.

இருபத்தொன்பதாவது படிவம் இருதயநாதன்.
காது கேட்காது.
அவனிடம் கேட்ட கேள்விக்கெல்லாம்
அவன் அம்மாவே பதில் சொன்னாள்:
பெயர், வயது, ஆசை.
"கம்ப்யூட்டர்னா உயிரு மேடம்."
அவளை டீ குடித்துவர அனுப்பிவிட்டு
பேனாவை அவன் பக்கம் தள்ளினேன்.
ஏசி மெக்கானிக் வேலை சொல்லித் தருவீங்களா
என்று எழுதிக் காட்டினான்.
எங்களிடம் இருப்பது இரண்டே பாடம்,
டேட்டா என்ட்ரி, கடை பில்லிங்.
முதலாவதில் டிக் போட்டேன்.
அம்மா திரும்பி வந்து
பார்த்துச் சிரித்தாள்.
அவன் பேனாவின் மூடியைப் போட்டான்.

முப்பதாவதாக வந்தவள் சுகிர்தா.
கம்மனஹள்ளியிலிருந்து ஆட்டோவில்,
சக்கர நாற்காலியை மடித்துப் பின்னால் கட்டிக்கொண்டு.
"ரெண்டு பேர் பிடிச்சா மேல தூக்கிடலாம்" என்றார் டிரைவர்.
நல்ல மனிதர்தான்.
"இன்னைக்குத் தூக்குவீங்கண்ணா,
தொண்ணூறு நாளும் வருவீங்களா?" என்றாள்.

அதனால் நேர்காணலைக் கீழேயே வைத்தோம்.
கடைசிப் படியில் நான் உட்கார்ந்தேன்.
எதிரே அவள்.
பைக்குகள் ஹாரன் அடிக்கும்போதெல்லாம்
கேள்வியைத் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது.

ஊனத்தின் சதவீதம்?
"எழுபத்தஞ்சு. டாக்டர் நாலு நிமிஷம் பார்த்தார்.
மிச்சம் இருபத்தஞ்சை எங்க எழுதணும்?"
அதற்குக் கட்டம் இல்லை என்றேன்.

"போன பேட்ச்ல எத்தனை பேருக்கு வேலை கிடைச்சுது?"
இருபத்திரண்டு.
"இப்ப எத்தனை பேர் அந்த வேலையில இருக்காங்க?"

இந்தக் கேள்வியை
நிதி கொடுப்பவர்கள்கூடக் கேட்டதில்லை.
சேர்ந்த அன்று பூங்கொத்தோடு எடுத்த படங்கள்
சுவரில் இருக்கின்றன.
விரல்விட்டு எண்ணினேன்.
ஒன்பது, என்றேன்.
என் குரலா அது என்று இருந்தது.

அவள் தலையாட்டினாள். திட்டவில்லை.
பையிலிருந்து தையல்காரர் டேப்பை எடுத்து நீட்டினாள்.
"என் வண்டி இருபத்தாறு இஞ்ச்.
பாத்ரூம் கதவு எவ்வளவுன்னு பார்த்துட்டு வாங்க."

நான்கு வருடமாகத் திறந்து மூடுகிற கதவு.
ஒருநாளும் அளந்ததில்லை.
பதினெட்டுப் படி ஏறி
பதினெட்டுப் படி இறங்கினேன்.
"இருபத்தி மூணரை."

அவள் படிவத்தின் கடைசி வரியைப் படித்துக்கொண்டிருந்தாள்:
மையத்தின் விதிகளுக்குக் கீழ்ப்படிவேன் என உறுதியளிக்கிறேன்.
நிமிர்ந்து,
"கீழ்ப்படியில உட்கார்ந்திருக்கிறது நீங்கதானே மேடம்?"
என்றாள்.
டிரைவர்தான் முதலில் சிரித்தார்.

கையெழுத்துப் போடவில்லை.
படிவத்தை நான்காக மடித்துப் பையில் வைத்தாள்.
"உங்களை வெயிட்டிங் லிஸ்ட்ல வெச்சிருக்கேன்.
கீழ ஒரு ரூம் பார்த்துட்டு போன் பண்ணுங்க."
டேப்பை மறக்காமல் வாங்கிக்கொண்டாள்.

அன்றைய அறிக்கையில்
சேர்க்கை: இருபத்தொன்பது.
காரணம் என்ற இடத்தில் வெகுநேரம் கர்சர் துடித்தது.
இரண்டரை அங்குலம் என்று தட்டினேன்,
அழித்தேன், மறுபடி தட்டினேன்.

இறங்கும்போது பார்த்தால்
படிக்குப் பக்கத்திலேயே பூட்டிய ஷட்டர்,
முன்பு மொபைல் கடை இருந்தது.
வாடகைக்கு விடும் தாள் ஒட்டியிருந்தது.
கன்னடம் எனக்குப் பேச வரும், படிக்க வராது.
எண்களை மட்டும்
உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.